ஜோசுவாவின் மெமரி கார்டு

லில்லி தன் புருஷன் ஜோசுவாவின் ஃபோனுக்கு வேற டிஸ்ப்ளே மாட்டி, அந்த வீடியோவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அதற்குள் மாணிக்கவேல் அடியாளோடு அவளுடைய ஃபோன் ரிப்பேர் கடைக்குள் புகுந்து ஷட்டரை இழுத்துவிட்டான். வெளியே கருடசேவைக் கூட்டம். அந்தக் கொட்டுச் சத்தத்தில் உள்ளே எவன் கழுத்தை அறுத்தால்தான் யாருக்குக் கேட்கும்?

மாணிக்கவேல் திருட்டுத்தனமாக ஏரி மண் அள்ளுவதை ஜோசுவா படம் பிடித்திருந்தான். முதலில் தன் மூஞ்சியைக் காட்டி, "லில்லிமா, இவனுங்க பண்றத பாரு" என்று சிரிக்கிறான். அப்புறம் லாரி. அப்புறம் மாணிக்கவேல், கையில் இரும்பு ராடு. கீழே விழுந்தும் ஃபோன் நிற்காமல், தாடை உடைகிறவரை எல்லாம் பதிவாகியிருந்தது. ஜோசுவா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறான். பேச்சு திரும்புமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. அடித்தவன் இவன்தான் என்று சொல்ல அந்த வீடியோவை விட்டால் வேறு நாதியில்லை.

"எங்கடி ஃபோனு?" மாணிக்கவேலின் அடியாள் சிட்டிபாபு அவள் தலைமுடியைக் கையில் சுற்றி, முகத்தை மேஜையில் மோதினான். உதடு கிழிந்தது. மாணிக்கவேல் ஃபோனைப் பிடுங்கி வீடியோவை டிலீட் செய்தான். டிலீட் ஆனது போய்க் கிடக்கிற இடத்திலும் தேடிப்பிடித்து அழித்தான். "போச்சு பார் உன் சாட்சி!"

எங்கே போச்சு? அந்த மடையனுக்குத் தெரியாது, லில்லிக்குத் தெரியும். ஃபோன் பிரித்தே பிழைக்கிறவள். டிலீட் செய்தால், இந்த வீடியோ இங்கே இருக்குது என்கிற விலாசம் மட்டும்தான் மெமரி கார்டிலிருந்து போகும். இடம் காலி என்று ஃபோன் நினைத்துக்கொள்ளும். வீடியோ அங்கேயே கிடக்கும். புதுசாக ஒன்று வந்து அதன்மேல் ஏறினால்தான் அழியும். இவன் ஃபோனை உடைத்துப் போட்டுப் போனாலும் கவலையில்லை, கார்டு தப்பினால் மீட்டுவிடலாம். உடைடா, உடைச்சுத் தொலைடா என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

பாவி உடைக்கவில்லை. கேமராவை அவள் பக்கம் திருப்பினான். "மன்னிப்பு கேளு. ஊர் குரூப்ல போடணும்."

பாட்டும் படமுமாக அந்தக் கார்டு கழுத்துவரை நிறைந்திருந்தது. காலி என்றால் அழித்த வீடியோவின் இடம்தான். இவன் எடுப்பதெல்லாம் அதன்மேல்தான் ஏறும். அவள் எவ்வளவு நேரம் ரோஷமாக நிற்கிறாளோ, அவ்வளவு நேரம் ஜோசுவா அழிவான்.

யாருக்கும் தலை குனியாத வீம்புக்காரி, சட்டென்று காலில் விழுந்தாள். "தப்பு எங்க மேலதான், மன்னிச்சிடுபா, மன்னிச்சிடுபா. போதும், நிறுத்துபா!"

"இன்னா அவசரம்? அழுதுக்கினே சொல்லு." இடுப்பில் எட்டி உதைத்தான். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னொரு வாட்டி. புருஷன் பேரச் சொல்லிக் கேளு."

இதற்குமேல் பொறுத்தால் ஒன்றும் மிஞ்சாது. மேஜைமேல் சூடேறிக் கிடந்த சால்டரிங் ராடை எடுத்து அவன் மணிக்கட்டில் அழுத்தினாள். தோல் பொசுங்கியது. அலறிக்கொண்டு ஃபோனை விட்டான். லில்லி இரும்பு ஸ்டூலைத் தூக்கி அந்த ஃபோனை அடி அடியென்று அடித்தாள், கார்டு இருக்கிற ஓரத்தை மட்டும் விட்டுவிட்டு.

சிட்டிபாபு அவளைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மாணிக்கவேல் வெந்த கையை ஊதிக்கொண்டே நொறுங்கிய ஃபோனைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது. "வுடுடா. பைத்தியம், அதுவே ஒடைச்சிக்கிச்சு. நமக்கு வேலை மிச்சம்."

அவள்மேல் காறித் துப்பிவிட்டு இரண்டு பேரும் போனார்கள்.

லில்லி தவழ்ந்துபோய் சில்லுகளுக்குள்ளிருந்து கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் செருகினாள். கீபோர்டில் ரத்தம் சொட்டச் சொட்ட, அழித்த வீடியோவைத் தேடினாள். கிடைத்தது! ராடை ஓங்குகிற மாணிக்கவேலின் மூஞ்சி, ஒவ்வொரு அடி, ஜோசுவாவின் அலறல், எல்லாம் பத்திரமாக இருந்தது. இரண்டு காப்பி எடுத்துவைத்தாள்.

ஆரம்பத்தைத்தான் காணோம். மறுபடி மறுபடி தேடிப் பார்த்தாள். "லில்லிமா" என்று அவன் சிரித்துக் கூப்பிட்ட இடத்தில், மன்னிச்சிடுபா, மன்னிச்சிடுபா என்று அவள் குரல்தான் கெஞ்சிக்கொண்டிருந்தது.