கேட்காமல் எடுத்த ஏணி

ஜெகதாம்பாளுக்கு ஒரு வியாதி உண்டு. மாத்திரை போட்டுத் தீருகிற வியாதி இல்லை. யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். புருஷன் போய்ப் பதினோரு வருஷம், கறிவேப்பிலைக்குக்கூட எதிர்வீட்டுப் படி ஏறியதில்லை. முட்டிவலி தீர மாங்காட்டுக்கு ஆறு வாரம் வேண்டிக்கோ என்று மகள் கிருஷ்ணப்பிரியா போனிலேயே நச்சரித்தாள். சரியென்று போனாள். ஐந்து வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தோடு காமாட்சி முன்னால் நின்றாள். வாயைத் திறக்கவேண்டுமே! "உனக்குத் தெரியாததா? கேட்டாத்தான் குடுப்பேன்னா நீ இன்னா அம்மா?" என்று மனசுக்குள் ஒரு முறைப்பு. குருக்கள் கொடுத்த பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவாள். அம்மனிடமே வீம்பு என்றால் மனுஷர்கள் எம்மாத்திரம்?

ஆறாவது வெள்ளியும் அப்படியே போய்விட்டு வந்தாள். வந்த கையோடு மேனாம்பேட்டு வீட்டின் சம்ப்பைக் கழுவ இறங்கினாள். வாசலில் தரைக்கடியில் கட்டின தண்ணீர்த் தொட்டி அது, ஏழடி ஆழம். நாலு மணிக்குத் தண்ணி லாரி வரும், அதற்குள் பாசியைத் தேய்த்துவிட வேண்டும். ஆள் வைக்கலாம்; ஆளைக் கூப்பிட வேண்டுமே. ஏணிக்கு என்ன செய்வது? எதிர்வீட்டு ஜெயராமனின் அலுமினிய ஏணி அவன் சுவரோரம் சும்மா சாய்ந்துகொண்டிருந்தது. கேட்டால் தங்கமாகக் கொடுக்கிற பிள்ளை. ஆனால் கேட்பதா? 'அஞ்சு நிமிசம், எட்த்த எடத்துல வச்சிட்டா ஆச்சு' என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

கணுக்கால் அளவு பழைய தண்ணீர். வாளி ஒன்று, பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்று, பிரஷ் ஒன்று. கடைசி மூலையில் குனிந்து சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு மேலே கேட்டது எதுவும் காதில் விழவில்லை. திரும்பினபோது ஏணி மேலே போய்க்கொண்டிருந்தது.

ஜெயராமனைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? ஏணியைக் காணோமென்று தேடியிருக்கிறான், அது அவள் வாசல் சம்ப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டைப் பார்த்து "யக்கோவ்!" என்று இரண்டு தரம் கூப்பிட்டான். வீட்டில் யாருமில்லை என்று நினைத்து, சம்ப்புக்குள் எட்டிப் பார்க்காமலே எடுத்துக்கொண்டான். சம்ப்பு திறந்துகிடந்தால் தெருப்பிள்ளைகள் விழுந்து தொலையுமே என்று, நல்ல மனசு, இரும்பு மூடியை இழுத்து மூடிவிட்டும் போனான்.

அவள் சுதாரிப்பதற்குள் இருட்டு. மூடியின் விளிம்பில் மட்டும் நூல் மாதிரி ஒரு வெளிச்சம்.

அப்போதாவது "காப்பாத்துங்க" என்று கத்தியிருக்கலாம். அவள் கத்தியது என்ன தெரியுமா? "யார்ரா அவன், கண்ணு தெரியாதவன்!" கத்திவிட்டு, 'நானே ஏறிக்கறேன்' என்று வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறினாள். விரல் மூடியைத் தொட்டது. தள்ளினாள். வாளி வழுக்கியது. இடது கணுக்கால் மடங்கி, உயிரே போய்விடும்போல் வலி. போன் சமையல்கட்டில். அதன்பிறகுதான் உதவிக்குக் கத்த ஆரம்பித்தாள். சத்தமெல்லாம் சுவரில் மோதி அவள் காதுக்கே திரும்பி வந்தது.

எத்தனை நேரமோ. திடீரென்று தலைக்குமேல் குழாயில் ஒரு உறுமல், சடாரென்று தண்ணீர் கொட்டியது. லாரி! ஜென்மத்தில் சொன்ன நேரத்துக்கு வராத தண்ணி லாரி இன்றைக்குப் பார்த்து முன்னாலேயே வந்துவிட்டதே, பாவி! லாரிக்காரன் உள்ளே வந்து "யக்கா, மூடியத் தொற" என்று கூப்பிடக்கூடாதென்று, காம்பவுண்டுக்கு வெளியே வாய் வைத்துக் குழாய் போட்டவளும் அவள்தான். இப்போது அவன் வெளியிலேயே பைப்பை மாட்டிவிட்டு வண்டி நிழலில் உட்கார்ந்திருப்பான். எஞ்சின் இரைச்சலில் யார் கத்தி யாருக்குக் கேட்கும்?

முழங்கால். இடுப்பு. அவளுக்கு நீச்சல் தெரியாது. சுவரைப் பிறாண்டினாள், நகம் பிய்ந்தது. பாசியில் கை நிற்கவில்லை. மார்பளவு வந்தபோது தொண்டையில் குரலும் இல்லை, உடம்பில் சக்தியும் இல்லை. அழுதாள். புருஷன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. முந்தானை முடிச்சு அவிழ்ந்து எலுமிச்சம்பழம் மிதந்து வந்து மோவாயில் இடித்தது.

"அம்மா, என்னால முடியல," என்றாள். "நீ தூக்கு."

அவ்வளவுதான். சுவரைப் பிறாண்டுவதை விட்டாள். பக்கத்தில் குடம் ஆடிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கீழாகக் கவிழ்த்து, குழந்தையைப்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கால் தரையைவிட்டது. பயத்தில் கண்ணை இறுக்கிக்கொண்டாள். முங்கவில்லை. எந்தத் தண்ணீர் கொல்ல வந்ததோ அந்தத் தண்ணீரே அங்குலம் அங்குலமாக அவளை மேலே தூக்கியது. கடைசியில் உச்சந்தலை இரும்பில் இடித்தது.

ஆனால் மூடி அசையவில்லை. ஒரு கையால் தள்ளினால் உடம்பு கீழே போகிறது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் காற்று. பிறகு நாலு விரல். முகத்தை அண்ணாந்து, அந்த நூல் வெளிச்சத்தில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு, "தூக்கும்மா, தூக்கும்மா" என்று உதடு மட்டும் அசைத்தாள். தண்ணீர் விளிம்பு வழியே வெளியே பொங்க ஆரம்பித்தது.

வெளியே பொங்கின தண்ணீர் வாசல் கேட்டுக்கு அடியில் ஓடி, தெருவைத் தாண்டி, செகண்டு ஷிப்ட்டுக்குப் பைக்கை உதைத்துக்கொண்டிருந்த ஜெயராமனின் ஷூவை நனைத்தது. இந்த ஊரில் மனுஷன் எதை வேண்டுமானாலும் பொறுப்பான், லாரித் தண்ணீர் தெருவில் ஓடினால் பொறுக்கமாட்டான். "யோவ் லாரி! ரொம்பி வழியிது பாரு, நிறுத்துய்யா! எவ்ளோ தண்ணி வேஸ்ட்டாப் போவுது!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து மூடியைப் பெயர்த்தான்.

முதலில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. பின்னால் ஒரு முகம்.

"ஐயையோ! யக்கா!" அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தரையில் போட்டான்.  "நான்தான்க்கா மூட்னேன்... நீ உள்ள கீறன்னு தெர்லக்கா... ஏணி வோணும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவனே அழுதுவிட்டான்.

அவள் இருமினாள், தண்ணீராகக் கக்கினாள். வெயில் முகத்தில் சுள்ளென்று அடித்தது. கணுக்கால் பூசணிப்பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது.

"எய்ந்துக்க முடியுமாக்கா?"

'நானே எய்ந்துக்குவேன்' என்கிற பதினோரு வருஷத்துப் பதில் தொண்டைவரைக்கும் வந்தது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"முடியலப்பா," என்றாள். "நீ தூக்கு."