எல்லைப் பனையும் பசிபிக் சமுத்திரமும்

1

ஒளிக்காமல் சொல்கிறேன்: இந்தக் கதை சைக்கிள் டைனமோவில் பிறந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் ரேடியோ கேட்டேன். பசிபிக் சமுத்திரம் சூடானால் உலகத்துக் காற்றே தடம் மாறுமாம். சில ஊர்களில் கோடை நீளுமாம். காய்ந்த மரத்தில் மின்னல் விழுந்தால், பற்றின தீயை நூர்க்க மழை வராதாம். அட, எனக்கு வேண்டிய குற்றவாளி ஆப்பிட்டான்! (ஏன் வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: 'பெரு நாட்டுக் கரையோரம் கடல் கொதித்துக்கொண்டு...' வேண்டாம். கடற்கரையிலேயே இருக்கிற காங்கேசன்துறைக்காரர் சிரிப்பார்கள்.

தொடக்கம் இரண்டு: 'ஆவணி மாதத்து ஒரு பின்னேரம், ஒரு துளி மழையும் இல்லாமல், எல்லைப் பனையில் இடி விழுந்தது.' இது காணும், இதையே வைப்போம். காய்ந்து தொங்கிய காவோலை தீப்பற்றியது. பொறி பறந்து, பின்வளவுப் பத்மாவதியின் ஓலைக்கூரை சாம்பலாய்ப் போனது.

அந்தப் பனைக்கு இருபக்கமும் இரண்டு வளவுக்காரர், கதிரவேலுவும் சோமசேகரமும். 'என்ரை பனை' என்று ஒன்பது வருஷம் வழக்காடியவர்கள். அடுத்த நாள் ஊர் அதிகாரி விதானையார் வந்து, பனைக்காரன்தான் பத்மாவதிக்கு வீடு வேய்ந்து குடுக்க வேணும் என்றார்.

"சோமசேகரம் அண்ணை, உது உங்கடை பனையெல்லோ!" என்றான் கதிரவேலு.

"சீச்சீ, நான் எப்ப சொன்னனான்? பனையின்ரை அடி உன்ரை பக்கம்தானே நிக்குது."

ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

3

சோமசேகரம் எனக்குச் சரிவரவில்லை. இப்படியொரு கேவலமான மனுசனை வாசகர் நம்புவார்களா என்று...

சரி, விடுங்கள். சோமசேகரம் நான்தான். விதானையாருக்குப் பசிபிக்கை விளங்கப்படுத்தினேன். குற்றம் கடலின்மேல் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அப்ப அந்தக் கடலைக் கூப்பிட்டு வேயச் சொல்லுங்கோவன்" என்றா பத்மாவதி. எனக்கு முகம் எரிந்தது.

4

முடிவு அ: நானும் கதிரவேலுவும் சேர்ந்து வேய்கிறோம். (எங்களைத் தெரிந்த ஒருவரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: மாரி பொய்க்கிறது, கூரையே தேவையில்லை. (இந்தச் செய்திக்காகத்தான் நாளும் பெடல் சுற்றுகிறேன். வெட்கக்கேடு.)

முடிவு இ:

பத்மாவதி என் வாசல் படலையடியில் வந்து நிற்கிறா.

"அண்ணை, ஐப்பசியும் பிறந்திட்டுது. மூண்டு பிள்ளையளும் வெட்டவெளியிலை படுக்குதுகள். மழை எப்ப எண்டு உங்கடை ரேடியோ சொல்லுதோ?"

வடகிழக்கே இருட்டிக்கொண்டு வருகிறது. என் மாட்டுக்கொட்டிலுக்கென்று வாங்கிய முந்நூறு ஓலை, அவ கண்முன்னே அடுக்கிக் கிடக்கிறது. முடிவை நீங்களே எழுதுங்கோ, வாசகரே. ஆனால் கெதியாய் எழுதுங்கோ, அவ இன்னும் நிற்கிறா.