வெயிலில் போடக் கூடாத மெழுகு

நகம் முதல் எழுத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது, இரண்டாவது எழுத்திலும் வழுக்கியது, மூன்றாவது எழுத்தின் நீண்ட கால் வந்ததும் டக்கென்று சிக்கி நின்றது, அமலோற்பவம் விரலை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தாள். காலை வெயில் அவளுடைய வாடகைக் காரின் கறுப்புக் கதவில் பட்டு மூன்று எழுத்தையும் வெள்ளையாகக் காட்டுகிறது, டிரைவர் பக்கத்துக் கதவு, ஏறி உட்கார அவள் தினமும் திறக்கிற கதவு, ஆணியால் கிழித்திருக்கிறார்கள், பெண்பிள்ளையைப் பார்த்துச் சொல்லவென்றே ஊர் வைத்திருக்கிற வார்த்தை அது. அந்த வார்த்தை அவளுக்குப் புதிதில்லை. லைசென்ஸ் வாங்கி வந்த அன்று அவள் புருஷன் சூசை, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி, குரலைக்கூட உயர்த்தாமல், ஸ்டியரிங் பிடிக்கிற பொம்பளைய ஊர் என்ன சொல்லும் தெரியுமாட்டி என்று கேட்டு, அதே மூன்று எழுத்தைத்தான் சொன்னான். அன்றைக்கு அவள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். பிறகு அவன் ராமேஸ்வரத்தில் இன்னொரு குடும்பம் என்று போய்விட்டான், அதைக் கேட்டுக்கொண்டே குழம்பை ஊற்றிய கைதான் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

கதவுக்கு முன்னால் அவள் குந்தியிருக்கும்போதே போன் வருகிறது, டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து கித்தேரியான், அவளைவிடப் பத்து வயது மூத்த டிரைவர், என்ன அமலோற்பவம், வண்டியில எவனோ கிறுக்கிட்டானாமே, பாவிப் பய, ரெண்டு நாளு பெயிண்ட் ஷாப்புல விட்டுரு, நாளைக்கி மணப்பாட்டு கல்யாண சவாரிய நான் பாத்துக்கிடுதேன், நீ ஒண்ணும் சங்கடப்படாத. சரிண்ணே என்று சொல்லி வைத்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது, கதவைப் பார்த்தது அவள் ஒருத்திதான், இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மணப்பெண்ணின் அம்மா, பிள்ளைய கோவிலுக்குக் கூட்டிட்டுப் போக உங்க வண்டிதான் வேணும், நீங்கதான் ஓட்டணும் என்று ஸ்டாண்டுக்கே வந்து எல்லார் முன்னாலும் கேட்ட நாளிலிருந்து கித்தேரியான் அவளிடம் சரியாகப் பேசவில்லை, இன்றைக்கு விடிந்ததும் இவ்வளவு பாசம்.

பெயிண்ட் ஷாப்பில் விட மாட்டாள். ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பூச்சு அடித்தால் கறுப்பில் கறுப்பு சேராது, அது அவளுக்குத் தெரியும், பதினோரு வருஷம் துறைமுகக் குவார்ட்டர்ஸில் வாளியும் துணியுமாகக் கார் கழுவியவள், உப்புக்காற்று ஒவ்வொரு நிறத்தையும் எப்படித் தின்கிறது என்று பார்த்தவள். சேர்ந்த புதிதில் ஒரு கறுப்புக் காரைப் பாத்திரம் விளக்குகிற பவுடர் போட்டு வட்டவட்டமாகத் தேய்த்துவிட்டாள், வெயில் வந்ததும் பானெட் முழுக்கச் சிலந்தி வலை, வீட்டுக்கார அம்மா கத்திய கத்தலில் நாலு வீட்டு ஜன்னல் திறந்தது, அவள் ஓடவில்லை, அந்த வலையையே பார்த்துக்கொண்டு நின்றாள், இது எதனால் வந்தது, எதனால் போகும் என்று. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் கார் பக்கத்தில் கிடக்கும் டப்பாக்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள், எது அறுக்கும், எது மினுக்கும், எது வெறுமே மூடும் என்று கையால் தெரிந்துகொண்டாள். கறுப்பு வாங்காதீய, ஒரு கீறலையும் மறைக்காது என்று இந்த வண்டியை விற்றவரே சொன்னார், மறைக்க வேண்டாம் என்றுதான் வாங்கினாள்.

உதிரிபாகக் கடையில் செல்வமணி அண்ணாச்சி அவள் பின்னால் எட்டிப் பார்க்கிறார், கூட ஆம்பள யாரும் வரலியாம்மா என்கிறார். வண்டிக்குத்தான் பாலிஷ் அண்ணாச்சி, ஆம்பளைக்கு இல்ல. அவர் சிரித்தாரா இல்லையா என்று பார்க்க அவள் நிற்கவில்லை, அலமாரிக்குப் போய்விட்டாள். கீறலைத் தேய்த்து எடுக்கிற காம்பவுண்ட் பசை ஒன்று எடுத்து மூடியைத் திறந்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தாள், மணல் மாதிரி உறுத்தியது, இது மேல்பூச்சையே தின்றுவிடும் என்று வைத்தாள், அடுத்ததை எடுத்தாள், மாவு போல இருந்தது, அது போதும், பிறகு மினுக்குவதற்கு ஒரு பாலிஷ், கடைசியில் மெழுகு. அண்ணாச்சி கறுப்புச் சாயம் கலந்த மெழுகு ஒன்றை எடுத்து நீட்டினார், இதக் கொண்டு போம்மா, வலிச்சுத் தேய்க்க வேண்டாம், கீறலுக்குள்ள போயி உக்காந்துக்கிடும், என்ன எழுதியிருந்தாலும் தெரியாது. எத்தன நாளு தாங்கும் என்றாள். ரெண்டு கழுவு, மூணு கழுவு. அதுக்குப் பொறவு எழுத்து வெளிய வரும், நான் திரும்பப் பூசணும், திரும்ப வரும், திரும்பப் பூசணும், அப்படித்தான? ஆமா, அதுக்கென்ன. நான் என்ன களவா பண்ணிட்டேன் அண்ணாச்சி, ஒளிச்சு ஒளிச்சு வைக்கதுக்கு, அந்த மஞ்ச டப்பாவக் குடுங்க, சாயமில்லாதது. அது பனை மெழுகும்மா, ஒண்ணையும் மறைக்காது, இருக்கதப் பளபளப்பாக் காட்டும். நம்மூர்ப் பனையா? இல்ல, பிரேசில் பனை. எந்தப் பனையானா என்ன, குடுங்க.

தெருவில் வைத்தே தேய்த்தாள், வீட்டு நிழல் விழுகிற பக்கம் காரை நிறுத்தி, துணியை விரலில் சுற்றி, வட்டமாக இல்லாமல் நேராக, மேலும் கீழுமாக, தோள் காந்துகிறது, நினைப்பில் சூசை தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், அவள் தேய்க்கிறாள், அவன் முதல் எழுத்தைச் சொல்கிறான், அவள் தேய்க்கிறாள், ஜன்னல்கள் திறக்கின்றன, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள், படிச்சாச்சுல்லா, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க என்கிறாள், குடத்தோடு நின்ற ஒருத்தி சரித்து ஊற்றுகிறாள். மதியத்துக்குள் முதல் எழுத்து இல்லை, சற்றுப் பொறுத்து இரண்டாவதும் இல்லை. மூன்றாவதின் கால் மட்டும் போகவில்லை, ஆணி மேல்பூச்சைத் தாண்டி, நிறத்தையும் தாண்டி இறங்கியிருந்தது. இன்னும் அழுத்தினால் சுற்றியிருக்கிற நல்ல இடமும் போய்விடும், துணியை எடுத்துவிட்டாள். பாலிஷ் போட்டாள். மெழுகு டப்பாவைத் திறந்தவள், மறுபடி மூடி, பக்கத்து சீட்டில் வைத்து, வண்டியைக் கிளப்பினாள்.

ஸ்டாண்டில் ஒரே ஒரு வாகை மரம், அதன் நிழலில் கித்தேரியானின் வெள்ளை வண்டி, நாலைந்து டிரைவர்கள் டீ கிளாஸோடு. அவள் இறங்கி, கதவை அவர்கள் பக்கம் அகலத் திறந்து வைத்தாள். அண்ணே, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க. எதுக்கு? மெழுகு போடணும், வெயில்ல போட்டா திட்டுத்திட்டாப் பிடிச்சுக்கிடும், நிழல் வேணும். வீட்டுல வச்சுப் போட வேண்டியதுதான? வீட்டுல வச்சுப் போட்டா நீங்க எப்படிப் பாப்பிய? கித்தேரியான் கதவைப் பார்த்தார், அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தார், அது போவலியே என்றார், வாய் தவறி வந்துவிட்டது. போகாதுண்ணே, அழுத்தி எழுதியிருக்கான், மத்த ரெண்டு எழுத்தும் போயிட்டு, எவராவது இது என்ன கோடுன்னு கேட்டா நான் முழுசாச் சொல்லுவேன். சொல்லிவிட்டு, அங்கேயே, அத்தனை பேர் முன்னால், அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி. கிறுக்கினது காலையிலேயே உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது, நான் ஒருத்தர்ட்டயும் சொல்லலியே? டீ கிளாஸைக் கீழே வைத்த ஒருவர், எடும்வே வண்டிய என்றார். கித்தேரியான் எடுத்தார், ரிவர்ஸில் கியர் விழாமல் இரண்டு தடவை கரகரத்தது.

மெழுகு தேவைப்பட்டது ஒரு கதவுக்குத்தான், அவள் நான்கு கதவுக்கும் போட்டாள், பானெட்டுக்குப் போட்டாள், டிக்கிக்குப் போட்டாள், அது காய்ந்து வெளுக்கும்வரை மரத்தடியில் நின்று தனக்கும் ஒரு டீ வாங்கிக் குடித்தாள், பிறகு ஒவ்வொரு பக்கமாகத் துடைத்தாள். கித்தேரியான் வெயிலில் நின்றார்.

மறுநாள் காலையில் மணப்பெண்ணை ஏற்றினாள். காரைச் சுற்றி வந்த பெண்ணின் அம்மா, இது என்ன கோடு என்று கேட்டாள், அமலோற்பவம் சொன்னாள், முழுசாக. அந்த அம்மா கோட்டை ஒரு தரம் விரலால் தடவிவிட்டு, தலைப்பூ நசுங்காமல் உக்காரு மக்கா என்று மகளை முன் சீட்டில் ஏற்றினாள். மணப்பாட்டுச் சாலைக்குப் போகக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, ஸ்டாண்டைத் தொடாமலே போய்விடலாம். அமலோற்பவம் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்டாண்டு வழியாகவே போனாள், மெதுவாக.