ஆணி அடிக்காத வீட்டுக்கு ஒரு ரவுட்டர்

லாம் வாங்கி வந்த ரவுட்டருக்கு எட்டு ஆன்டெனாக் கொம்பு. பெட்டியைப் பிரித்துத் தன் நூடுல்ஸ் கடைக் கல்லா மேசைமேல் வைத்ததும், நண்டு நூடுல்ஸ் சாப்பிட வந்தவர்கள்கூடக் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி எழுந்துவந்து பார்த்தார்கள். வியட்நாமில் ஹைஃபோங் நகரத்து ஆண்களுக்கு இது ஒரு வியாதி. மோட்டார் சைக்கிள் என்றால் சத்தத்தைக் கேட்பார்கள், ரவுட்டர் என்றால் கொம்பை எண்ணுவார்கள். லாமின் மனைவி குயென் ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றே நாளில் அந்த எட்டுக்கொம்பன் காலை வாரிவிட்டது.

குயென் பார்ப்பது சைகைமொழி வேலை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயால் சொல்வதை, வீட்டிலிருந்தே திரை வழியாகக் கைகளால் காது கேளாதவர்களுக்குச் சொல்வாள். அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வாள். குரல் அறுந்தால் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளலாம். படம் உறைந்தால் கை அந்தரத்தில் நிற்கும். பாதிச் சைகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எட்டுக்கொம்பன் கவிழ்த்த அன்று மீன் விற்கும் பெரியவர் ஒருவரிடம், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். நிறுத்துவது வரைக்கும் படம் போய்ச் சேர்ந்தது, கூடாது என்பது போய்ச் சேரவில்லை. பெரியவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து ஒரு நர்ஸ் கண்டுபிடித்ததால் பிழைத்தார். அந்தப் பயத்தில் குயென் அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் கேட்டதைத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்பது நாளில் காத்திருந்தது. வான் என்ற தையல்காரப் பெண்ணுக்கு முதல் பிரசவம். பிறவியிலேயே காது கேட்காது. வியாழக்கிழமை காலை பிரசவ வலி வருவதற்கு மருந்து ஏற்றுவதாக நாள் குறித்திருந்தார்கள். போன வாரம் திரையில் வந்தபோது வான் கைகளால் சொன்னது குயெனின் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அங்க எல்லாரும் முகமூடி போட்டிருப்பாங்க அக்கா. வாயசைவுகூடத் தெரியாது. எனக்குன்னு தெரியற ஒரே மொகம் உங்களோடதுதான்."

கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வழியில்லை. கீழ்த்தளம் கடை. ஆவியும் இரைச்சலுமாக இருக்கும். ஊரார் நோயை ஊரார் நடுவே பேசவும் கூடாது. நாலு மீட்டர் அகலத்துக்கு ஐந்து மாடி எழுப்பிய வீட்டில், முன்னோர் படங்கள் இருக்கும் சாமி அறைக்குப் பக்கத்து அறைதான் அமைதி. போன் டேட்டாவை நம்பியும் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டாயிற்று. அதனால் குயென் இந்த முறை தானே ரவுட்டர் வாங்கப் போனாள்.

ரவுட்டர் விற்கிற ஹாவோ அக்காவின் கடை சந்தைக்குப் பின்னால், சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் சாராயக் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அவளுக்கு ஐம்பது வயது. குட்டை முடி. வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. கடைக்குப் பின்னால் வெயில் நேராக அடிக்கிற சுவரில் ஒரு தகரப் பலகை. அதன்மேல் பதினாலு ரவுட்டர்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுத்தாளில் தேதி. எது எப்போது நின்றாலும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் ஒரு கோடு போடுவாள். நாற்பது நாள் அந்தத் தகரத்தின்மேல் வெந்தும் கோடு வாங்காததை மட்டும்தான் விற்பாள். இப்படி ஒரு கடைக்காரியைக் குயென் பார்த்ததே இல்லை. விற்கிறவர்கள் நல்லதைச் சொல்வார்கள். இவள் கெட்டதை எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டுக்கொம்பன் கதையைக் கேட்டதும் ஹாவோ பல்குச்சியை எடுத்தாள்.

"கொம்பப் பாத்து வாங்க இது என்ன மாடா? வேகம் எல்லாத்துலயும்தான் இருக்கு. நிக்காம ஓடுதா, நின்னா தானா எந்திரிக்குதா, அதப் பாரும்மா."

குயென் உடனே காசை எடுத்தாள். ஹாவோ வாங்கவில்லை. எத்தனை மாடி, தரை எதனால் போட்டது, அவள் வேலை நேரத்தில் வீட்டில் வேறு யார் யார் உபயோகிக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டாள். வீட்டைப் பார்க்காமல் விற்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கூடவே கிளம்பினாள். ஒரு சின்ன ரவுட்டர் விற்க இவ்வளவா என்று குயெனுக்கு ஆச்சரியமாகவும், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாவோ முதலில் பார்த்தது சுவரை. வைஃபை கடவுச்சொல் அதில் முழம் உயரத்துக்குச் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. ஹைஃபோங்கில் எந்தக் கடையிலும் அப்படித்தான். எழுதாவிட்டால் ஆள் வராது. நாற்பது பேர் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே பந்தாட்டம் பார்க்கிறார்கள், அதே குழாயில்தான் மேலே ஒருத்தி டாக்டர் பேச்சைக் கொண்டுபோகிறாள். ஹாவோ போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்கு மாடி ஏறினாள், ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று அளந்தாள். மேலே வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, போனில் சிக்னல் ஒரு கோடுதான் மிச்சமிருந்தது. ஐந்து கான்கிரீட் தளத்தைத் துளைக்க எந்தக் கொம்பாலும் ஆகாது, மேலே தனியாக ஒரு ரவுட்டர் வேண்டும், அதற்குக் கீழிருந்து கம்பி இழுக்க வேண்டும் என்றாள்.

கம்பி என்றதும் குயெனின் மாமனார் பாங் எழுந்து நின்றார். சுவரில் ஓட்டை போடக் கூடாது, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். இளைய மருமகள் சென்னுக்கு ஆறாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்க மாட்டார்கள். அடித்தால் பிள்ளைக்கு ஆகாது. போன வருஷம் யார் பேச்சையும் கேட்காமல் ஏசி மாட்டச் சுவரைத் துளைத்தார்கள். அதே வாரம் சென்னின் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. டாக்டர்கள் ஆயிரம் காரணம் சொன்னார்கள். பாங் அந்த ஏசியை இன்றுவரை போட விட்டதில்லை.

குயெனுக்கு வாய்வரைக்கும் வார்த்தை வந்தது. வானின் பிரசவத்தைச் சொல்லி, இந்தக் காலத்தில் இதெல்லாம் என்ன என்று கேட்டுவிடலாம்தான். ஆனால் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற சென் கண்ணில் பட்டதும் விழுங்கிவிட்டாள். எந்தப் பிள்ளையை யார் தராசில் வைப்பது? லாம் அப்பாவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வசதியாகச் சூப்பைக் கிளறப் போய்விட்டான். மிச்சம் ஏழு நாள். 

ஹாவோ சிரிக்கவில்லை, வாதாடவும் இல்லை. பாங் எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அடிக்க வேணாம் பெரியப்பா. கட்டினா ஆகுமா?"

கட்டுவதில் ஒன்றுமில்லை என்று பாங் யோசித்து யோசித்துச் சொன்னார். துணி காயப்போடக் கட்டுகிறோமே.

அவ்வளவு போதும் அவளுக்கு. மாடிப்படியை ஒட்டி, கீழிருந்து மொட்டைமாடிவரை வெளிச்சத்துக்காக விட்டிருந்த திறப்பில் துணிக்கொடிகள் தொங்கின. மறுநாள் ஹாவோ மொட்டைமாடியில் குப்புறப் படுத்து, கம்பியில் பாரத்துக்கு ஒரு கரண்டியைக் கட்டிக் கீழே இறக்கினாள். மாடிக்கு ஒரு முடிச்சாகத் துணிக்கொடிக் கம்போடு சேர்த்து நாடாவால் கட்டிக்கொண்டே இறங்கி வந்தாள். கதவுக்கு அடியில் நுழைக்க ஓட்டை தேவைப்படவில்லை, தட்டையான கம்பியைத் தேடிக் கொண்டுவந்திருந்தாள். ஆணி இல்லை, சுத்தியல் இல்லை, ஒரு தட்டுச் சத்தம்கூட இல்லை. நாலாவது முடிச்சுக்குள் பாங் தானே எழுந்துபோய்க் கம்பியின் கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தளர்த்து, இன்னும் கொஞ்சம் இழு என்று மேலே பார்த்துக் கத்தவும் ஆரம்பித்தார். கைவேலை தெரிந்தவர்களைக் குயென் நிறையப் பார்த்திருக்கிறாள். எதிரே இருக்கிறவர் மனசு நோகாமல் வேலையை முடிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். அவளுக்கு ஹாவோவைக் கும்பிடலாம் போலிருந்தது.

ஹாவோ மேலே வைத்தது சோப்புப் பெட்டி அளவு வெள்ளை டப்பா. இரண்டே இரண்டு குட்டைக் கொம்பு. நோட்டில் அதன் பக்கத்தில் எழுபத்தொரு நாள், ஒரு கோடு இல்லை. மின்சாரம் போனாலும் தாங்குவதற்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சின்ன பேட்டரி வைத்தாள். லாமின் முகம் தொங்கிப்போயிருந்ததைக் கவனித்து, எட்டுக்கொம்பனை எறிந்துவிட வேண்டாம், நாற்பது பேர் மேய்வதற்கு அதுதான் சரி என்று கடைக்கே விட்டாள்; மேய்கிறவர்கள் எவ்வளவு இழுத்தாலும் மேல்மாடியின் பங்கு குறையாதபடி அதற்கு ஒரு அளவும் வைத்தாள். அது நின்றுபோனால் யாராவது அணைத்துப் போடுவார்கள், யாரும் சாகப்போவதில்லை. லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளுக்கு இரண்டு நண்டு அதிகமாகப் போட்டான்.

அதற்குப் பிறகும் ஹாவோ விடவில்லை. ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை, சொல்லாமல் கொள்ளாமல், கீழே போய்க் கம்பியைப் பிடுங்கினாள். மேலே ரவுட்டர் எத்தனை நொடியில் தானாக எழுந்திருக்கிறது என்று எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தும் புதன்கிழமை மறுபடி வந்து, ஒரு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குத் திரையில் வான் வந்தாள். முகமூடிகளுக்கு நடுவே அவள் கண்கள் மட்டும் குயெனைப் பிடித்துக்கொண்டன. மூச்சை இழு, இப்போது முக்காதே, இப்போது முக்கு என்று டாக்டர் சொல்லச் சொல்லக் குயெனின் கைகள் ஓடின. ஒன்பது மணி, பத்து மணி. கடையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பத்தரைக்குத் தெரு முழுக்க மின்சாரம் போனது. மின்விசிறி நின்றது, படம் நிற்கவில்லை. வலியில் வானின் கைகள் குழறின. குயென் ஒரு சைகையைக்கூட விடாமல் வாங்கி டாக்டரிடம் சொன்னாள். தோள் இற்றுப்போனது. பதினொன்றரைக்குக் குழந்தை வெளியே வந்தது.

நர்ஸ் அதைத் தூக்கிப் பிடித்தாள். சிவந்த முகம், திறந்த வாய். வான் குழந்தையைப் பார்த்தாள், திரும்பிக் குயெனைப் பார்த்தாள், கையால் கேட்டாள்.

"அழுறாளா?"

ஹெட்போனில் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. குயென் இரண்டு கைகளையும் முகத்தையும் தோளையும் சேர்த்து அழுகையைக் காட்டினாள். எவ்வளவு சத்தம் என்று வான் கேட்டாள். கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற சத்தம் என்றாள் குயென்.

"நிறுத்தாதீங்க அக்கா. அவ நிறுத்தற வரைக்கும் காட்டிக்கிட்டே இருங்க."

குழந்தை விம்மியது, மூச்சு வாங்கியது, மறுபடி உச்சத்துக்கு ஏறியது. ஒவ்வொன்றையும் குயென் அப்படியே கையில் எடுத்துக் கொடுத்தாள். வான் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அழுது ஓய நாலு நிமிஷம் ஆனது, அதுவரை குயெனின் கைகள் திரையில் ஒருமுறைகூட உறையவில்லை.