ரெக்கார்டு ஆகாத போன்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் வீட்டுக்காரர் சுரேஷ் நான் கேட்காமலேயே வாங்கித் தந்த முதல் பொருள் ஐபோன். செகண்ட் ஹேண்ட்தான், இருந்தாலும் ஐபோன். கண்ணாடி உடைந்துபோன என் பழைய ஆண்ட்ராய்டு போனை ரிப்பேர் பார்த்துத் தருவதாகத் திருப்பத்தூருக்கு வாங்கிப்போனவர், அதை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு, இதைத் தன் ஜீப்பின் முன்சீட்டில் துண்டு விரித்துப் படுக்கவைத்து மலையேற்றிக் கொண்டுவந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் நாள் எங்கள் மலையூர் புதூர்நாட்டில் பாதிப் பேர் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாளே எனக்கு வெறுத்துவிட்டது. பழைய போனில் கீழே ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினால் வந்த வழியே திரும்பலாம். இதில் அது கிடையாது. நுழைந்தால் நுழைந்ததுதான். போதாக்குறைக்கு என் மூஞ்சியைப் பார்த்தால்தான் திறக்குமாம். சாமை புடைத்துவிட்டு, தூசியும் முக்காடுமாக எடுத்தால் அடையாளம் தெரியாமல் நம்பர் கேட்கும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் மூஞ்சியை இத்தனை தடவை பார்க்கவில்லை. சார்ஜர் கதை தனிக்கதை. ஊரில் எல்லார் வீட்டு ஒயரும் எல்லார் போனுக்கும் பொருந்தும், எனக்கு மட்டும் வேறு பின். "இன்னா ஐபோன்காரி, சார்ஜ் கீதா?" என்று குழாயடியில் கேட்காத ஆளில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய போனில் எந்தக் கால் பேசினாலும் தானாகவே ரெக்கார்டு ஆகும். அதுதான் என் குடும்பத்தையே நடத்திக்கொண்டிருந்தது. "ஜீப்பு பஞ்சரு, படவேட்டுல நிக்கிறேன்" என்பார் இவர். சோறு போடும்போது அதைப் போட்டுக் காட்டுவேன். பின்னால் எவனோ "சீட்டக் கலைடா" என்பது தெளிவாகக் கேட்கும். குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஊற்றாமல் நிற்பேன். வெறும் சோற்றைப் பார்த்தபடி இவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். மறுநாள் குழாயடியிலும் அதைப் போட்டுக் காட்டுவேன். சண்டை எதுவானாலும் ஜெயிப்பது நான்தான்.

அப்படியிருக்க, மாசி மாதம் புளியமரத்துப் பிரச்சினை வந்தது. இவருடைய அண்ணன், என் மச்சாண்டார் சடையன், போன வருஷம் பாகம் பேசும்போது பலாமரத்தைத் தனக்கென்றும் கீழ்க்காட்டுப் புளியமரத்தை எங்களுக்கென்றும் என்னிடம் போனிலேயே சொல்லி முடித்திருந்தார். எழுத்து ஒன்றுமில்லை. இந்த வருஷம் கிளை தரையைத் தொடுகிற அளவுக்குக் காய்ப்பு. பிள்ளைகளின் ஸ்கூல் செலவை அந்தப் புளியை நம்பித்தான் வைத்திருந்தேன். உலுக்கப் போன என்னை மச்சாண்டார் வழியில் நிறுத்தி, "நான் எப்பம்மா அப்டிச் சொன்னேன்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

"வாங்க மாமா. ரெக்கார்டு இருக்குது" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

வீட்டுக்கு வந்து ஐபோனைக் குடைந்தேன். பழைய நம்பர்கள் எல்லாம் வந்திருந்தன. போட்டோக்கள் வந்திருந்தன, செத்துப்போன ஆட்டின் படம்கூட வந்திருந்தது. ரெக்கார்டு மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

மறுநாள் வேறொருவர் ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறங்கினேன். போன் கடை ரஞ்சித் தலையைச் சொறிந்தான்.

"பழைய போன அழிச்சி வித்தாச்சிக்கா."

"இதுல ரெக்கார்டே ஆவாதா?"

"நீங்களா அமுத்துனா ஆவும். ஆனா ரெக்கார்டு ஆவுதுன்னு எதிர்ல பேசறவங்களுக்கும் சொல்லிடும்."

திருடனைப் பிடிக்க மேளம் அடித்துக்கொண்டு போவது மாதிரி. "இந்தக் கருமத்த எதுக்குடா என் தலையில கட்டுன?" என்றேன்.

"அண்ணன்தான்க்கா கேட்டாரு. தானா ரெக்கார்டு ஆவாத போனா பாத்துக் குடுடான்னாரு."

கிடைத்த ஜீப்பில் மலையேறினேன். வீட்டு வாசலில் இவர் பானெட்டைத் திறந்து குனிந்துகொண்டிருந்தார்.

"எனக்காக வாங்குனீங்களா, உங்க வாய்க்காக வாங்குனீங்களா?"

இவருக்குப் புரிந்துவிட்டது. நிமிரவில்லை. "மனுசன் ஒரு பொய்யாவது நிம்மதியா சொல்ல வேணாமா கலை?"

"உங்க நிம்மதிக்கு என் மரம் போவுது."

நிமிர்ந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி மறுபடியும் குனிந்துகொண்டார். நான் உள்ளே போய் அழுதேன். மரத்துக்காகக்கூட இல்லை. ஆசையாக வாங்கித் தந்தார் என்று நம்பி ஒரு மாதம் திரிந்தேனே, அதற்காக.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. ஊர் நாட்டாமை வெற்றிவேல் என்னைப் பார்த்து, "ரெக்கார்டு இருக்குதுன்னியாமே. போடும்மா" என்றார்.

ஐபோனை எடுத்தேன். வேர்த்துக்கிடந்த என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அது நம்பர் கேட்டது. என்னிடம் ஒன்றுமில்லை என்பது என் முழியிலேயே மச்சாண்டாருக்குத் தெரிந்துவிட்டது. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

அப்போது இவர் எழுந்தார். "புளியமரம் எங்களுக்குன்னு எங்க அண்ணன் சொன்னது நெசந்தான்."

"உக்கார்றா" என்றார் மச்சாண்டார். "உன் பேச்ச உன் பொண்டாட்டியே நம்ப மாட்டா."

ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? இவர் பொய்களை ஊருக்கே போட்டுக் காட்டியவள் நான்தானே. இவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்தார்.

"கலையோட பழைய போன கடையில குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள இன்னா கீதுன்னு கேட்டுப் பாத்தேன். ஒண்ணே ஒண்ண மட்டும் எனக்கு அனுப்பிக்கிட்டேன்."

போட்டார். மச்சாண்டாரின் குரல் கணீரென்று வந்தது. "பலா எனக்கு இருக்கட்டும். கீழ்க்காட்டுப் புளிய நீங்களே வெச்சிக்குங்க."

"அவ்ளோதான்" என்றார் வெற்றிவேல். "மரம் கலைவாணிக்கு."

இவர் அவசரமாக நிறுத்தப் பார்த்தார். கிரீஸ் படிந்த விரல், திரையில் எங்கே தொட்டாலும் நிற்கவில்லை. மச்சாண்டார் குரல் தொடர்ந்தது. "ஆமா, என் தம்பி ஒழுங்கா இருக்கானா?"

அடுத்தது என் குரல். "அவருக்கு இன்னா மாமா, வாயத் தொறந்தா பொய்யி. ஆனா அந்த ஜீப்பு சத்தம் வளைவுல கேட்டாத்தான் எனக்கு சோறு எறங்குது."

முதலில் சிரித்தது மச்சாண்டார்தான். மரம் போன மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டேன். இவர் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவைத்தது மரத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டேன். "முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"எதுக்கு வெச்சிருக்கேன்னு கேப்பியே" என்றார். பிறகு, "நாளைக்கே திருப்பத்தூர் போயி பழைய மாதிரி போனே மாத்திடலாம்" என்றார்.

"வேணாம். இந்தச் சனியனே இருக்கட்டும். அந்த ரெக்கார்ட எத்தினி தடவ கேட்டீங்க?"

"ஒரே ஒரு தடவதான். சரியா வந்துச்சான்னு பாக்க."

பச்சைப் பொய். அவர் கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.