தாத்தாவின் பால்பல்

சின்னவன் அக்காவின் இறக்கையைக் கடித்ததில்தான் அந்தச் சனிக்கிழமை தொடங்கியது. அட்டையில் வெட்டி, வெள்ளைத் துணி சுற்றி, ஓரமெல்லாம் பஞ்சு ஒட்டிய இறக்கை. மாலையில் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா. எட்டு வயதுப் பெரியவளுக்கு அதில் தேவதூதர் வேடம், ஒற்றை வரி வசனம். கழற்றி வைத்தால் கசங்கிவிடும் என்று எழுந்ததிலிருந்து இறக்கையோடுதான் திரிந்தாள். நாலு வயதுத் தம்பிக்கு அது பொறுக்கவில்லை. வாய்கொள்ளாத அளவு பஞ்சைக் கடித்து இழுத்தான். அவள் அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் ஒரு முட்டு முட்டினாள். நான் ஓடிப்போய் ஆளுக்கொன்று முதுகில் வைத்தேன். விடுமுறை நாள் என்றால் எங்கள் வீடு இப்படித்தான் களைகட்டும்.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர் யாரையும் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பெரியவளை மடியில் சாய்த்து, "எங்க, காட்டு" என்றார். விம்மிக்கொண்டிருந்தவள் அப்படியே வாயைத் திறந்தாள். மேல்வரிசையில் ஒரு பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பல் டாக்டர். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஊசி போட்டதே தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், ஏனென்றால் அவருடைய கிளினிக்கில் பக்கத்தில் நின்று பஞ்சும் கருவியும் எடுத்துக்கொடுப்பது நான்தான். பெரியவளுக்கு இதுவரை விழுந்த பற்கள் அத்தனையும் அவர் கையால் எடுத்தவை. எடுக்கும்போது அவள் கண்ணைக்கூட மூடமாட்டாள். எனக்குத் தலைவாரத் தலையைக் கொடுப்பதற்கே ஆயிரம் முறை சிணுங்குகிறவள், அப்பா என்றால் வாயைத் திறந்துவிடுவாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

"மேடையில விழுந்துட்டா என்னப்பா பண்றது?"

"கடைக்குப் போயிட்டு வந்து நானே எடுத்துடறேன். அதுவரைக்கும் நாக்கால நோண்டாத."

கடையில் வாங்க வேண்டியது தேவதூதருக்கு வெள்ளைச் செருப்பு. கூடவே சின்னவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தோம்: அங்கே கிறிஸ்துமஸ் தாத்தா வருவார், அவர் மடியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய பால் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன். பல் டாக்டர் வீட்டில் சர்க்கரைக்குத் தடை, அதனால் அது வெறும் பால். நாலு வயதில் என்ன பாட்டில் என்று கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் அவன் ஊரைக் கூட்டிவிடுவான்.

கடை வளாகத்தின் அடித்தளத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. சுற்றினோம், மறுபடியும் சுற்றினோம். பின்சீட்டில் இறக்கைக்கும் பாட்டிலுக்கும் நடுவே போர் நடந்துகொண்டிருந்தது. சின்னவன் எட்டி உதைத்தது அவர் முதுகில் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன. அந்த விரல்களை எனக்குத் தெரியும். எங்கள் குளியலறைக் கதவில் ஒரு குழி இருக்கிறது. கேட்கிறவர்களிடம் தச்சரின் கைத்தவறு என்று சொல்லிவைத்திருக்கிறேன், அதன் மேல் ஒரு துண்டையும் தொங்கவிட்டிருக்கிறேன். என்னையோ பிள்ளைகளையோ அவர் தொட்டதில்லை. கதவுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு வண்டி கிளம்பியது. நாங்கள் விளக்கை மினுக்கிக்கொண்டு காத்திருந்தோம். அது வெளியே வந்த நொடியில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு பழைய வண்டி சர்ரென்று உள்ளே நுழைந்து நின்றுவிட்டது.

"இறங்கிக் கேளுங்க" என்றேன். கேட்கத்தான் சொன்னேன்.

அவர் இறங்கினார். அந்த வண்டியிலிருந்தும் ஆள் இறங்கினார். சிவப்புக் கால்சட்டை, சிவப்பு மேல்சட்டை, முன்னால் தள்ளிய தொப்பை. வெள்ளைத் தாடி ரப்பர் நாடாவில் கழுத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"தாத்தா!" என்று சின்னவன் கண்ணாடியில் இரண்டு கையையும் அறைந்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். ஏற்கெனவே லேட்டாயிடுச்சு, பசங்க எல்லாம் வரிசையில நிக்கிறாங்க. நல்ல நாளும் அதுவுமா கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க." சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரின் தோளில் தட்டி, ஹோ ஹோ என்று தாத்தாக் குரலில் ஒரு சிரிப்பும் சிரித்தார். தொழில் பழக்கமாக இருக்கும்.

முதல் குத்து தொப்பையில் விழுந்தது. உள்ளே தலையணை. முட்டி அதற்குள் மெத்தென்று புதைந்து திரும்பி வந்தது. தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்த முறை அவருடைய சொந்தச் சிரிப்பு. இரண்டாவது குத்து அந்தச் சிரிப்பின் மேலேயே விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். தாத்தா அவருடைய வண்டியின் கதவில் மோதிச் சரிந்தார். என் வீட்டுக்காரர் தாடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினார், ரப்பர் நாடா நீண்டு கையை விட்டு நழுவியது, தலை பின்னால் போய் இரும்பில் இடித்தது. பிறகு காலால். விலாவில், தொடையில், முகத்தை மூடியிருந்த கைகளில். அவர் கத்தவில்லை, கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. கிளினிக்கில் வேலை செய்கிற அதே கவனத்தோடு அடித்தார். 

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் தள்ளிவிட்டார். தள்ளியது என்னை என்று அவருக்குத் தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். வண்டிக்குள்ளிருந்து சின்னவன், "அப்பா தாத்தாவை அடிக்கிறாங்க, அப்பா தாத்தாவை அடிக்கிறாங்க" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள்.

பெரியவள் எப்போது இறங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் அத்தனை கால்களுக்கும் நடுவே தரையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இறக்கை யார் யாரோ முழங்காலில் உரசியது. உதைக்கத் தூக்கிய என் வீட்டுக்காரரின் கால் அவள் விரல்களுக்குப் பக்கத்தில் தொம்மென்று இறங்கியது. ஒரு விரற்கடை தள்ளியிருந்தால் நசுங்கியிருக்கும். அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. தரையிலிருந்து பல்லை எடுத்தாள். முழுசாக, வேரோடு விழுந்திருந்த தாத்தாவின் முன்பல். வெள்ளையாகத் தெரிகிற பக்கத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்தாள். வண்டிக்குத் திரும்பி வந்து, தம்பியின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகி, பல்லைப் பாலில் போட்டாள்.

வேரைத் தொடக் கூடாது, தேய்த்துக் கழுவக் கூடாது, பாலில் போட வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் திரும்ப வைத்துவிடலாம். பள்ளிக்கூடங்களுக்குப் போய் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. வீட்டில் பெரியவளிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

காவலாளி ஒருவர் வந்து தடியால் அவர் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். இன்னொருவர் கன்னத்தில் அறைந்தார். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். எதிரே மகள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வேரைத் தொட்டியா?" மூச்சிரைக்கக் கேட்டார்.

"தொடல."

"வண்டியில ஏறு." பிறகு தரையில் கிடந்தவரிடம், "நீங்களும் ஏறுங்க. நான் பல் டாக்டர்" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். காவலாளி போலீஸைக் கூப்பிடலாம் என்றார். தாத்தா உட்கார்ந்து, வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பிவிட்டு, பெரியவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்லு இந்தப் பாப்பாகிட்ட இருக்கு. பல்லு போற எடத்துக்குத்தான் நானும் போறேன்."

முன்சீட்டில் தாத்தா, பின்சீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே நான். தெருவெல்லாம் நட்சத்திர விளக்கும் நெரிசலும். என் வீட்டுக்காரர் ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நடைபாதையில் ஏற்றினார், எதிரே வந்த ஒரு வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனார். அதற்கு நடுவில், "சர்க்கரை நோய் இருக்கா? ரத்த அழுத்தம்? தினமும் ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று முறையாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நீங்க சாப்பிடற மருந்தைத்தான் இன்னிக்கு மறந்துட்டீங்க போல."

என் வீட்டுக்காரரின் காது மடல் சிவந்தது. நான் தாத்தாவின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னொரு அடி விழுந்துவிடுமோ என்று. பயமாக இருந்தது. அவரைக் கண்டு நான் பயந்தது அதுதான் முதல் முறை என்று சொல்ல ஆசைதான்.

சின்னவன் அழுது ஓய்ந்து பாட்டிலை உற்றுப் பார்த்தான். "தாத்தாவுக்கும் பால்பல்லாம்மா?" 

கிளினிக்கில் சிவப்புச் சட்டையோடு தாத்தா நாற்காலியில் சாய்ந்தார். சட்டையில் ரத்தம் தெரியவில்லை, தாடிதான் காட்டிக்கொடுத்தது. நான் விளக்கைப் போட்டேன். என் வீட்டுக்காரர் ஊசி போட்டார். சற்றுமுன் உடைத்த உதட்டை அவர் விரல் எவ்வளவு பதமாக ஒதுக்கியது என்று பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. பல் விழுந்த குழியில் உறைந்திருந்த ரத்தத்தை உப்புநீரால் கழுவினார். பல்லைப் பாலிலிருந்து எடுத்து, அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். தாத்தாவின் கால்கள் விறைத்து எழும்பின. இன்னும் அழுத்தினார், கடக்கென்று ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தது. பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கம்பி வைத்துக் கட்டினார். நான் குழாயால் எச்சிலையும் ரத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான், இரண்டு கையும் தாத்தாவின் வாய்க்குள் இருக்கும்போது, அவர் மெல்லச் சொன்னார்: "என்னை மன்னிச்சிடுங்க. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

தாத்தா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வாயில் கையை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவரை என்ன சொல்வது. வேலை முடிந்து, நாற்காலி நிமிர்ந்து, தாத்தா வாயைக் கொப்பளித்துத் துப்பினார். மரத்துப்போன உதட்டைப் புறங்கையால் துடைத்தார்.

"இப்பக் கேளுங்க சார்."

என் வீட்டுக்காரர் முகக்கவசத்தை இறக்கவில்லை.  கருவிகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

 தாத்தா தாடியை எடுத்துப் பார்த்தார். நான் கிளினிக் பஞ்சைப் பிய்த்து ரத்தக் கறையின் மேல் ஒட்டிக் கொடுத்தேன். எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். "நல்லாத்தான் வச்சிருக்காரு" என்றார், நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே. "போலீஸுக்குப் போறதா வேணாமான்னு மரமரப்பு போனதும் யோசிச்சுக்கறேன். பசங்க நிப்பாங்க, நான் வரேன்." வாசலில் பெரியவளின் தலையில் கை வைக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கையுறையைக் கழற்றிக் கை கழுவினார். சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார். நடுவிரல் முட்டியில் பல் பதிந்த வெட்டு வாயைப் பிளந்திருந்தது. அதன் மேல் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, "வாடா கண்ணு. உன் பல்லையும் எடுத்துடலாம், விழாவுக்கு நேரமாச்சு" என்றார். காலையில் பேசிய அதே குரல். அதில் ஒரு கெஞ்சல் மட்டும் கூடியிருந்தது.

பெரியவள் வந்தாள். அந்தப் பெரிய நாற்காலியில் ஏறினாள். இறக்கை இருந்ததால் சாய முடியவில்லை, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

"எங்க, காட்டு."

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். அவள் வாயைத் திறந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். திறந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டும் உண்மை.

"அப்பா வலிக்காம எடுப்பேன்ல?"

அவள் கொஞ்சமாகத் திறந்தாள். பல் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் ஓட்டை. கீழ்ப்பற்களின் மேல் ரத்தம் வழிந்திருந்தது. "நானே எடுத்துட்டேன்" என்றாள், காற்று கலந்த குரலில்.

"எப்ப?"

"நீங்க தாத்தாவுக்கு வச்சுட்டு இருந்தப்ப."

அவர் பஞ்சு உருளை ஒன்றை எடுத்து அவள் வாயை நோக்கிக் கையை நீட்டினார். அவள் தலை வெடுக்கென்று பின்னால் போனது. நாற்காலியின் முதுகில் இடித்து ஒரு இறக்கை மடங்கியது. அவர் கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் அவர் விரல்களுக்கு இடையிலிருந்து பஞ்சை மட்டும் உருவி எடுத்து, ஓட்டையில் வைத்து, அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே அழுத்திக் கடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றான் வாசலில் நின்ற சின்னவன். "என் பால்ல இன்னொரு பல்லு கிடக்குது."

அவன் பாட்டிலைக் காதோடு வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான்.