கெட்டியான எலும்பு

"கொஞ்சம் இறங்கி ஒரு நடை நடந்துட்டு வாங்க தோன்யா ஒஃபேலியா. மறுபடியும் முதல்லேருந்து படுக்கணும்" என்றாள் நூபியா.

ஒஃபேலியா ஸ்கேன் மேசையின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். அறுபத்து மூன்று வயது; அந்த ஊரில் மூத்த பெண்களை மரியாதையாக 'தோன்யா' என்பார்கள். இறங்கச் சொன்னதும் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் முப்பதாவது நோயாளி. முப்பது பேரை ஆளுக்கு இரண்டு தடவை எடுக்க வேண்டும், நடுவில் கண்டிப்பாக எழுப்பி நிறுத்த வேண்டும், இரண்டு தடவையும் எண் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். அப்போதுதான் எலும்பின் அடர்த்தியை அளக்கத் தெரிந்த கை என்று சான்றிதழ் கொடுப்பார்கள். நூபியா காலி நகரத்தின் இந்த மருத்துவமனையில் இருபத்தோரு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். கற்றுக்கொடுக்கத் தலைநகர் பொகோத்தாவிலிருந்து வந்திருக்கும் யுரானிக்கு வயதே இருபத்தேழு. அந்தப் பொடிசு, "அக்கா, பாதம் இன்னும் உள்ளே திரும்பணும்" என்று சொல்லும்போதெல்லாம் நூபியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திரையில் இடுப்புக்கு மேலே நான்கு முதுகெலும்புகள். இரண்டாவதன் எண் மற்ற மூன்றையும் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. நூபியாவுக்கு வாயெல்லாம் பல். யுரானி காபி எடுக்கப் போயிருந்த நேரம். நூபியா கதவைத் திறந்து, வெளியே ஹெல்மெட்டும் கையுமாக நின்ற மகனிடம் சொல்லிவிட்டாள்: "ஒண்ணும் கவலைப்படாதீங்க. அம்மாவுக்கு நடுவுல ஒரு எலும்பு இரும்பு மாதிரி இருக்கு. இன்னும் ஒரு தடவை எடுத்துட்டு அனுப்பிடறேன்."

"இரும்பா?" மகன் ரொபின்சோன் சிரித்தான். "அம்மாவை நல்லாக் கேட்டுக்கறேன்."

நூபியா திரும்பி வந்து உட்கார்ந்தாள். யுரானி கோப்பையோடு வந்து திரையைப் பார்த்தாள். கோப்பையை மெதுவாக வைத்தாள்.

"அக்கா, இதோட உயரத்தைப் பாத்தீங்களா?"

"எண்ணைப் பாத்தேன். நல்லாத்தானே இருக்கு?"

"நசுங்கிப்போன எலும்புக்கா இது. ரொட்டியைக் கையில வெச்சு அமுக்கினா கெட்டியாத்தான் இருக்கும். அதுக்காக நல்ல ரொட்டியா? கணக்குலேருந்து இதை எடுத்துடணும். இந்தம்மா எங்கே விழுந்தாங்க, எப்ப விழுந்தாங்கன்னு கேட்டீங்களா?"

நூபியா கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை மகன்தான் நிரப்பியிருந்தான்: குளியலறை. நூபியா கதவைப் பார்த்தாள். அவள் அதைச் சாத்தியிருக்கவில்லை.

அவன் உள்ளே வந்து மேசையருகில் நின்றிருந்தான்.

"மூணு மாசமா முதுகுவலின்னு படுத்துக்கிட்டு என்னைச் சோறாக்க விட்டியே, நாடகக்காரி! இரும்பாமே உனக்கு!" தாயின் முழங்கையைப் பிடித்து மேசையிலிருந்து இழுத்தான். அவள் ஒரு கையை ஊன்றி விழுந்தாள். இருபத்தோரு வருஷம் உடைந்த எலும்புகளைப் படமாகப் பார்த்த நூபியா, உடைகிற சத்தத்தை அன்றுதான் கேட்டாள். காய்ந்த சுள்ளி முறிகிற சின்னச் சத்தம். அவன் காலை ஓங்கித் தாயின் முதுகில் மிதித்தான்.

நூபியா பாய்ந்தாள். ஹெல்மெட் அவள் நெற்றியில் இறங்கியது. வாயில் உப்புக் கரித்தது. கைக்கு அகப்பட்டது காலையில் எந்திரத்தைச் சரிபார்க்கும் போலி முதுகெலும்புப் பெட்டி, நல்ல கனம். அதைத் தூக்கி அவன் காதோடு சேர்த்து அடித்தாள். ஒரு அடி. அவன் தடுமாறியதும் இன்னொன்று. பெட்டி பிளந்தது. அவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். யுரானியின் அலறல் கேட்டுக் காவலாளி எல்கின் ஓடிவந்து அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தான்.

"இவதான் சொன்னா!" தரையிலிருந்து கத்தினான் ரொபின்சோன். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. "இவதான் இரும்புன்னா! கேளுங்க அவளை!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கெட்டது இன்னொருத்தி.

"தோன்யா," எல்கின் மூச்சிரைத்தான், "போலீஸ் வருது. இவன் தள்ளினானா?"

"இல்லப்பா." ஒஃபேலியாவின் மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. "நானாத்தான் விழுந்தேன். என் பிள்ளையை விடு."

எல்கின் நூபியாவைப் பார்த்தான். யுரானியும் பார்த்தாள். தப்பாகப் படித்தேன் என்று வாயைத் திறந்தால் முப்பது பேரும் போச்சு, சான்றிதழும் போச்சு. போகட்டும், எழவு.

"நான்தான் சொன்னேன்" என்றாள் நூபியா. "தப்பாப் படிச்சுட்டேன். அந்த எலும்பு கெட்டி இல்லை. ஏற்கெனவே உடைஞ்சு நசுங்கினது. எழுதிக்கோங்க, யார் கேட்டாலும் சொல்றேன். இப்ப இவன் தள்ளினதையும் மிதிச்சதையும் என் கண்ணால பாத்தேன்."

பிறகு திரையைத் தரைப்பக்கமாகத் திருப்பினாள். தரையில் கிடந்த ஒஃபேலியாவின் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் காட்டினாள். "பாருங்கம்மா. இது மேலே இருக்கறது. இது கீழே. நடுவுல இது. இது பாதிதான் இருக்கு."

ஒஃபேலியா வெகுநேரம் பார்த்தாள். தன் உடம்புக்குள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு யாரும் காட்டியதில்லை.

"நீங்களாத்தானே விழுந்தீங்க, தோன்யா?" என்று எல்கின் மறுபடி கேட்டான். "போலீஸ்கிட்ட அப்படியே சொல்லிடவா?"

"சொல்லும்மா!" என்றான் மகன்.

ஒஃபேலியா உடையாத கையைப் பின்னால் கொண்டுபோனாள். கவுனின் முடிச்சுக்குக் கீழே முதுகெலும்பை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே மேலே வந்தாள். ஓரிடத்தில் விரல்கள் நின்றன. கண்களைத் திரையிலிருந்து எடுக்காமல் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.